டீம் லீடுன்னா நவீன கங்காணியா?

"என்ன இருந்தாலும் மாப்ள, நீ பாக்குறது பாரம் ரொப்புற வேலைதானே?"

வடகரையில ஒரு கல்யாண வீடு. பந்திக்குக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது, மாமா ஒருத்தர் இப்படிக் கேட்டார். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனா ரசம் ஊத்துற நேரத்துல அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை விளக்கினா மனுசன் பாதி இலையில எந்திரிச்சுப் போயிருவார். அதனால இங்க வெச்சுக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிங்க :-)

புதுசா வர்றவங்களுக்காக ஒரு வரி. நான் பெரியகுளம் தென்கரைக்காரன். பதிமூணு வருசமா 'குடியேற்றச் சட்டச் சேவை'ன்னு பந்தாவா சொல்லப்படுற துறையில இருக்கேன். சென்னையில ஆரம்பிச்சது, கொரோனாவுக்கு அப்புறம் வீட்டு மாடியிலேர்ந்தே ஓடுது. அமெரிக்காவுல ஒரு வக்கீல் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு மேலே இருக்கிற அத்தனையையும் ராத்திரி முழிச்சு இங்க நாங்க தயார் பண்ணுவோம். எச்-1பி, எல்-1, பெர்ம், ஐ-140, கிரீன் கார்டு, எல்லாம். அதுல ஏழு வருசமா டீம் லீட். எனக்குக் 'கீழ' ஒன்பது பேர். அந்தக் 'கீழ'ங்கிற வார்த்தை மேலதான் எனக்குக் கடுப்பு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல மாமா. 'பாரம் ரொப்புறது'ன்னு அவர் இளக்காரமா சொன்னாரே, அந்த வேலை என்னன்னு வேற எந்த ஜனத்துக்குத் தெரியாட்டியும் நம்ம ஜனத்துக்குத் தெரிஞ்சிருக்கணும். இலங்கையில 1948-ல குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை ஒரே நாள்ல நாடில்லாதவங்களா ஆக்குச்சு. அடுத்த வருசம் இன்னொரு சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கிக்கலாம். கல்யாணம் ஆனவங்கன்னா ஏழு வருசம், ஆகாதவங்கன்னா பத்து வருசம் தொடர்ந்து அங்க வாழ்ந்ததுக்கு ஆதாரம் காட்டணும். லயத்துல இருந்து கொழுந்து கிள்ளுற ஜனம், எழுதப் படிக்கத் தெரியாது, எந்தக் காகிதத்தைக் காட்டும்? நடுவுல ஊருக்குத் திருவிழாவுக்கு வந்துட்டுப் போனதே வினையாப் போச்சு. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைச்சது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சப் பேரை 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் உக்காந்து 5,25,000 இங்க, 3,00,000 அங்கன்னு பங்கு பிரிச்சாங்க. மீதி 1,50,000 பேரை 1974-ல ஆளுக்குப் பாதி. அப்படிக் கப்பலேறி வந்த குடும்பங்க நம்ம தமிழ்நாட்டுல எத்தனையோ ஊர்ல இருக்கு. பாரம் சரியா ரொப்பப்பட்டிருந்தா, ரொப்பித் தர ஒரு ஆள் இருந்திருந்தா, அதுல எத்தனை குடும்பத்தோட கதை வேற மாதிரி போயிருக்கும்? சட்டமே ஓரவஞ்சனையான சட்டம்தான், மறுக்கலை. ஆனா ஓரவஞ்சனையான சட்டத்துக்கு எதிராத்தான் காகிதம் இன்னும் பக்காவா இருக்கணும்.

சரி, மாமாவைத் திட்டி என்ன ஆகப்போகுது. கோர்ட்டே கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருக்கு. 2010-ல ஏ.கே.பாலாஜின்னு ஒரு வழக்கறிஞர் சென்னை உயர்நீதிமன்றத்துல வழக்குப் போட்டார். வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்க தொழில் பண்ணக் கூடாதுன்னு. எதிர்த்தரப்புல முப்பத்தொரு வெளிநாட்டு நிறுவனங்களோட, இங்கேயே சட்ட வேலைகளை வாங்கிச் செஞ்சு தர்ற ஒரு அவுட்சோர்சிங் நிறுவனமும் இருந்துச்சு. 2012 பிப்ரவரியில தீர்ப்பு. எங்க மாதிரி பி.பி.ஓ.க்கள் செய்யறது வேர்ட் பிராசசிங், செக்ரட்டரி வேலை, ப்ரூஃப் பார்க்கிறது, பயண ஏற்பாடு வகையறா, அது வழக்கறிஞர் சட்டத்துக்குள்ள வராதுன்னு சொல்லிருச்சு கோர்ட். 2018 மார்ச்சுல உச்சநீதிமன்றம் கொஞ்சம் திருத்துச்சு: பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க, சாராம்சத்துல அது சட்டத்தொழிலா இல்லையான்னு பாருங்கன்னு. நல்ல தீர்ப்புதான். ஆனா சாராம்சத்தை யாரு வந்து பாக்குறா?

அமெரிக்கப் பக்கமும் இதே கதை. அங்க வக்கீல் அல்லாதவன் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஆனா பொறுப்பும் மேற்பார்வையும் வக்கீலோடதுன்னு அமெரிக்க பார் அசோசியேசன் 2008-ல 08-451-ன்னு ஒரு கருத்துரை கொடுத்திருக்கு. ஆக அங்க நாங்க வக்கீலோட கை. இங்க நாங்க டைப்பிஸ்ட். எங்க டீம்ல மூணு பேர் எல்.எல்.பி. முடிச்சவங்க. முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்த்தா கோர்ட்டுல ஆஜராக முடியாதுங்கிறது பார் கவுன்சில் விதி 49. அதனால சன்னதை நிறுத்தி வெச்சுட்டு எங்ககூட உக்காந்திருக்காங்க. அவங்க வீட்டுலயும் ஒரு மாமா இருப்பார், 'படிச்சது வக்கீலுக்கு, பாக்குறது பாரம் ரொப்புற வேலை'ன்னு.

இப்ப அந்த வேலைக்குள்ள என்ன இருக்குன்னு ரெண்டு சாம்பிள்.

நம்ம ஆளுங்களுக்கு சர்நேம் கிடையாது. அப்பா பேரை இனிஷியலா முன்னாடி போட்டுக்குவோம், பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டம் காலியா இருக்கும். அமெரிக்க விசாவுல அந்த ஒத்தைப் பேரு சர்நேம் இடத்துக்குப் போயிரும், முதல் பேரு இடத்துல 'எஃப்.என்.யூ.'ன்னு அச்சாகும். 'முதல் பெயர் தெரியாது'ங்கிறதோட சுருக்கம். பொட்டி தட்டப் போன எத்தனை பேர் அங்க டிரைவிங் லைசென்ஸுலேர்ந்து பேங்க் கார்டு வரைக்கும் மிஸ்டர் 'ஃப்னு'வா உலாத்தினாங்கன்னு பதிவுலகத்துல இருக்கிற அமெரிக்கவாழ் மக்களைக் கேளுங்க, கதை கதையாச் சொல்லுவாங்க. சிரிப்பாத்தான் இருக்கும். பத்து வருசம் கழிச்சு கிரீன் கார்டுக்குப் போகும்போது டிகிரி சர்டிபிகேட்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேரு, பிறப்புச் சான்றிதழ்ல 'ஆண் குழந்தை'ன்னு மட்டும். அப்ப சிரிப்பு வராது. அதை முதல் நாளே, எச்-1பி போடும்போதே கவனிச்சு, 'அம்மா அப்பா இருக்கும்போதே ஊருக்குப் போய் முனிசிபாலிட்டியில பேரைப் பதிஞ்சுருங்க'ன்னு ஒரு வரி வக்கீல் மூலமா சொல்ல வைக்கிறவன்தான் நல்ல பாராலீகல். எந்தப் பாரத்துலயும் அதுக்குக் கட்டம் இல்லை.

அடுத்தது ஐ-94. இதை அமெரிக்காவுல இருக்கிறவங்க கொஞ்சம் உன்னிப்பா படிங்க. எச்-1பி அப்ரூவல் நோட்டீஸ்ல மூணு வருசம் போட்டிருக்கும். ஆனா ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப ஏர்போர்ட்டுல அதிகாரி கொடுக்கிற ஐ-94 தேதிதான் கணக்கு. உங்க பாஸ்போர்ட் அதுக்கு முன்னாடியே காலாவதி ஆகுறதா இருந்தா, பாஸ்போர்ட் தேதி வரைக்கும்தான் ஐ-94 தருவாங்க. 2013-லேர்ந்து விமானத்துல வர்றவங்களுக்கு அது எலக்ட்ரானிக். கையில துண்டுச்சீட்டு தர்றதில்லை, நீங்களா வெப்சைட்டுல போய்ப் பாத்தாத்தான் தெரியும். நம்மாளு மூணு வருசம் இருக்குன்னு நிம்மதியா வீட்டுக்கு லோன் போட்டுட்டு இருப்பான். தேதி தாண்டி 180 நாள் ஆச்சுன்னா, வெளிய போனா மூணு வருசம் உள்ள வர முடியாது. ஒரு வருசம் தாண்டினா பத்து வருசம்.

எங்க தளத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு. உத்தமபாளையம் பக்கத்துல ஒரு கிராமம், கணக்குப் பட்டதாரி, அதுவா படிச்சு மேல வந்த பிள்ளை. ஒரு கேஸ்ல வேலை செய்யுற இடம் மாறுது, திருத்த மனு போடணும். (2015-ல சிமியோன்னு ஒரு தீர்ப்பு வந்ததுலேர்ந்து ஊர் மாறினாலே திருத்த மனு கட்டாயம். அதுக்கு முன்னாடி அவனவன் இஷ்டத்துக்கு இருந்தது.) செக்லிஸ்ட்ல அப்ரூவல் நோட்டீஸ் நகல் இருந்தா டிக் போட்டுட்டு அடுத்த கேஸுக்குப் போயிரலாம். இந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டுல கடைசி சீல் தேதியைப் பாத்துட்டு, புது ஐ-94 எடுத்து அனுப்புங்கன்னு கேட்டுருச்சு. பதில் வர மூணு நாள். வந்து பாத்தா இன்னும் நாப்பது நாள்ல முடியுது. ரெண்டு பிள்ளைங்க, பொண்டாட்டி, நாலு பேரோட தேதியும் அதேதான். அவசர அவசரமா நீட்டிப்பு மனு போட்டுக் காப்பாத்தினாங்க.

அந்தக் காலாண்டுல அந்தப் பொண்ணுக்கு என்ன ரேட்டிங் தெரியுமா? 'இலக்குக்குக் கீழே'. ஏன்னா ஒரு நாளைக்கு இத்தனை கேஸ்னு ஒரு கணக்கு இருக்கு, அந்த மூணு நாள் கேஸ் நகரலை. அடுத்த காலாண்டுலயும் அதே மாதிரி கேள்வி கேட்டுட்டே இருந்துச்சு, ஆளை 'திறன் மேம்பாட்டுத் திட்டத்துல' போட்டாங்க. (திறன் மேம்பாடுன்னா வெளிய போற கதவுன்னு அர்த்தம்.) அது என் டீம் இல்லை, பக்கத்து டீம். நான் மேலிடத்துல போய்க் கத்தினேன், ஒண்ணும் நடக்கலை. எந்த நிறுவனம்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அந்தப் பொண்ணோட டீம் லீடுக்கு அந்த வருசம் 'சிறந்த தலைமை' விருது. கண்ணாடியில செஞ்ச ஒரு கேடயம், பிரியாணி.

இங்கதான் எனக்குக் கங்காணி ஞாபகம் வருது. நம்ம பக்கம் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இன்னிக்கும் போடி, தேவாரம், கம்பம் பக்கம் விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல பொம்பளைங்களை ஏத்திட்டு மேல ஏலத்தோட்டத்துக்குப் போறதைப் பாக்கலாம். தோட்டத்துல வேலை வாங்குறவருக்குப் பேரு இன்னிக்கும் கங்காணிதான். அந்தக் காலத்துல இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் கட்டிட்டுப் போனவரும் கங்காணி. சொந்த ஊர்லேயே, சொந்த சாதிசனத்துலேயே ஆள் பிடிப்பார், முன்பணம் கொடுப்பார். இலங்கையில அந்தக் கடனைத் 'துண்டு'ன்னு ஒரு சீட்டுல எழுதி, அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினாத்தான் ஆள் மாற முடியும்னு வெச்சிருந்தாங்க. 1921-ல சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க. கங்காணிக்கு வருமானம் எப்படி? அன்னிக்கு எத்தனை தலை வேலைக்கு இறங்குச்சோ, தலைக்கு இவ்வளவுன்னு. ஒருத்திக்கு காய்ச்சல்னா அவருக்கு நஷ்டம். கொழுந்து நல்லா இருக்கா, செடி பிழைக்குமா, அதெல்லாம் அவர் பாடு இல்லை.

கங்காணி முழு வில்லனும் இல்லை, அதையும் சொல்லணும். துரைகிட்ட பேசத் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தது, சாவுக்குக் காசு கொடுத்தது எல்லாம் அவர்தான். அந்த நல்ல பாதியையாவது நம்ம டீம் லீடுங்க எடுத்துக்கிட்டாங்களா? இல்லை. தலை எண்ணுற பாதியை மட்டும் எக்செல்ல போட்டுக்கிட்டாங்க. எத்தனை தலை லாகின், எத்தனை கேஸ் அவுட், பச்சை, மஞ்சள், சிவப்பு. கேட்டா 'லீடர்ஷிப்'. இதுக்கு மகாபலிபுரம் ரிசார்ட்டுல ரெண்டு நாள் பயிற்சி வேற. அங்க கயிறு இழுக்க விட்டாங்க, முட்டையை ஸ்பூன்ல தூக்கிட்டு ஓட விட்டாங்க. ரெண்டு நாள்ல ஒருத்தரும் ஒரு கேஸ் ஃபைலைத் திறந்து 'இதுல என்ன தப்பு, கண்டுபிடி'ன்னு கேக்கலை.

இந்தத் துறையில டீம் லீடோட வேலை என்னன்னு என்னைக் கேட்டா, கேள்வி கேக்குறவனுக்கு நேரம் வாங்கித் தர்றது. அம்புட்டுதான். மேல இருந்து வர்ற அழுத்தத்தைத் தான் வாங்கிக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவன் மூணு நாள் ஒரு ஐ-94-க்காகக் காத்திருக்கிறதைக் காப்பாத்துறது. வக்கீல்கிட்ட தயங்காம 'இது சரியாப் படலை'ன்னு சொல்ல ஜூனியரைப் பழக்குறது. நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷுல ஒரு அமெரிக்க வக்கீலை மறுத்துப் பேசணும்னா நாக்கு ஒட்டிக்கும். இந்த பயத்தைத் தெளிய வைக்க எனக்கு ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது ஒரு வருசம் ஆகுது. அதுக்கு டேஷ்போர்டுல கலர் கிடையாது.

ஆனா பழக்கினா என்ன ஆகும்னு 2025 செப்டம்பர்ல பாத்தேன். 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அங்க, நமக்குச் சனிக்கிழமை விடியல். அமெரிக்க அதிபர் புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர்னு பிரகடனத்துல கையெழுத்துப் போடுறார், 21-ஆம் தேதி நடுராத்திரி தாண்டி ஒரு நிமிசத்துலேர்ந்து அமல். ஏற்கனவே விசா இருக்கிறவங்களுக்கும் உண்டா இல்லையான்னு அதுல தெளிவா இல்லை. பெரிய பெரிய கம்பெனிங்க 'வெளிநாட்டுல இருக்கிறவங்க உடனே திரும்புங்க'ன்னு மெயில் தட்டுறாங்க. அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம்னு மதுரைக்கு வந்தவன், தங்கச்சி நிச்சயத்துக்கு வந்தவன், எல்லாம் கையில பெட்டியோட ஏர்போர்ட்டுல.

நாங்க ஆலோசனை சொல்ல முடியாது, வாயைத் திறக்கக் கூடாது. ஆனா வக்கீல் சொல்லணும்னா அவருக்கு ஒரு பட்டியல் வேணுமே? யாரு இப்ப அமெரிக்காவுக்கு வெளிய இருக்கா, யாரு பாஸ்போர்ட்டுல உயிரோட விசா இருக்கு, யாரோட மனு இன்னும் போடலை, யாரு ஊருக்குள்ள இருந்தே நீட்டிப்பு கேட்டிருக்கா. என் டீம்ல இருபத்தி நாலு வயசுப் பையன் ஒருத்தன், நான் சொல்லாமலே, விடியக்காலை நாலரைக்கு அந்தப் பட்டியலை ஆரம்பிச்சிருந்தான். நான் எந்திரிச்சுக் கம்ப்யூட்டரைப் போடும்போது பாதி முடிஞ்சிருச்சு. வக்கீல் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு 'பதறாதே, இரு'ன்னு சொல்ல அதுதான் உதவுச்சு. அங்க சனிக்கிழமையே அரசாங்கம் 'இது புது மனுக்களுக்கு மட்டும்தான்'னு விளக்கம் கொடுத்துருச்சு. அதுக்குள்ள டிக்கெட்டுக்கு லட்சக்கணக்குல கொட்டினவங்க கொட்டினதுதான். திங்கக்கிழமை மேலிடத்துலேர்ந்து எனக்கு வந்த முதல் மெயில் என்ன தெரியுமா? வார இறுதியில ஓவர்டைம் யாரு அனுமதிச்சதுன்னு.

'ஏ.ஐ. வந்தா உங்க வேலையெல்லாம் காலிதானே'ன்னு ஒரு நண்பர் ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டுட்டுப் போறார். சந்தோசமா கேக்குறாரோன்னு ஒரு சந்தேகம் :-) பாரத்துல தானா பேரு ஏறுற சாப்ட்வேர் எங்ககிட்ட ரொம்ப நாளா இருக்கு சாமி. டிக் போடுறது, கேஸ் எண்ணுறது, கலர் மாத்துறது, இதெல்லாம் மெஷின் எங்களைவிட நல்லாவே செய்யும், செய்யட்டும். அப்ப முதல்ல யாருக்கு வேலை போகணும்? எண்ணுறதை மட்டும் தொழிலா வெச்சிருக்கிறவருக்கு. ஆனா போகப்போறது அந்த உத்தமபாளையத்துப் பொண்ணு மாதிரி ஆளுங்கதான், ஏன்னா யாரு போகணும்னு முடிவு பண்ற கூட்டத்துல எண்ணுறவர் உக்காந்திருப்பார்.

இன்னொரு விசயம், இதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கிறது.

ஒரு எச்-1பி மனுவை என் டீம்ல ஒருத்தர் தயார் பண்றாங்க, இன்னொருத்தர் சரிபாக்குறாங்க, நான் பாக்குறேன், வக்கீல் பாக்குறார், கம்பெனி எச்.ஆர். பாக்குது. அஞ்சு ஜோடிக் கண்ணு. வக்கீல் கூலி கம்பெனியோடது, தொழிலாளி தலையில கட்டக் கூடாதுன்னு அமெரிக்க விதி. இவ்வளவும் ஒரு சாப்ட்வேர்காரருக்காக. தப்பில்லை, அவரும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். 2025 கடைசியில கூட இந்தியாவுக்கான ஈ.பி.-2 கிரீன் கார்டு வரிசை 2013-ல வரிசையில நின்னவங்ககிட்டதான் இருந்தது, அவங்க கஷ்டம் அவங்களுக்கு.

ஆனா எங்க தெருவுலேர்ந்து துபாய்க்குப் போற பையனோட காகிதத்தை எத்தனை கண்ணு பாக்குது? ஏஜெண்டோட ஒரு ஜோடிதான். அதுவும் காசை எண்ணிட்டு இருக்கும்.

போன வருசம் ஒரு பையன் வந்தான். பத்தாவது முடிச்சு ஐ.டி.ஐ. பிட்டர். ஏஜெண்டுக்கு 1,40,000 ரூபாய் கொடுத்தாச்சு, அம்மாவோட நகை பேங்க்ல. நாலு நாள்ல பிளைட். விசாவைப் பாத்தா விசிட் விசா. 'அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னாருண்ணே'. பாஸ்போர்ட்டைப் பாத்தா ஒத்தைப் பேரு, சர்நேம் கட்டம் காலி. 2022 நவம்பர்ல அமீரகம் ஒரு விதி போட்டுச்சு: பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ள விடமாட்டோம்னு. அப்புறம் கடைசிப் பக்கத்துல அப்பா பேரு இருந்தா ஏத்துக்கலாம்னு தளர்த்தினாங்க. இவன் பாஸ்போர்ட்டுல அதுவும் சரியா இல்லை. நான் ரெண்டு காகிதத்தை அஞ்சு நிமிசம் படிச்சேன், அவ்வளவுதான். பையன் போகலை. ஏஜெண்ட் பணத்தைத் திருப்பித் தரலை.

சட்டம் இல்லாமலா இருக்கு? 1983 குடிபெயர்வுச் சட்டம் இருக்கு. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கூலி 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400-ஐத் தாண்டக் கூடாது. ஏஜெண்டோட பதிவை இ-மைக்ரேட் தளத்துல எவரும் சரிபாக்கலாம். ரெண்டு வருசத்துக்கு 275 ரூபாய் கட்டினா பத்து லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு இருக்கு. அமீரகத்தோட 2021 தொழிலாளர் சட்டமும் ஆள் சேர்க்கிற செலவைத் தொழிலாளிகிட்ட வாங்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. எல்லாம் இருக்கு. ஆனா இதுல ஒரு ஓட்டை. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்துன்னு பதினெட்டு நாட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு அரசு குடிபெயர்வு அனுமதி கட்டாயம், ஆனா அது பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்கு மட்டும். பத்தாவது முடிச்சுட்டா 'இவன் விவரமானவன்'னு அரசாங்கம் கைகழுவிரும். தமிழ்நாட்டுல இன்னிக்குப் பத்தாவது முடிக்காத பையன் எத்தனை பேரு? ஆக நாம பிள்ளைங்களைப் படிக்க வெச்சதே அந்தப் பாதுகாப்பு வளையத்தைத் தாண்டி வெளிய அனுப்பத்தான்னு ஆயிருச்சு. 2022-ல தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு கூட்டிட்டுப் போய் மியான்மர் மியாவடியில அடைச்சு ஆன்லைன் மோசடி செய்ய வெச்சாங்களே, அக்டோபர்ல பதிமூணு தமிழ்ப் பசங்க மீண்டு சென்னை வந்து இறங்கினாங்களே, படிச்ச பசங்க எல்லாம். இந்த 1983 சட்டத்தை மாத்தணும்னு 2019, 2021, 2025-னு மூணு தடவை வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டாச்சு.

ஆஸ்திரேலியாவுல, கனடாவுல, இங்கிலாந்துல பதிவு பண்ணாம ஒருத்தன் காசு வாங்கிட்டு விசா ஆலோசனை சொன்னா அது குற்றம். இங்க ஒரு பிளெக்ஸ் போர்டு போதும். அதுலயும் பாதி போர்டுல ஈபிள் டவர் படம் போட்டுட்டு சிங்கப்பூர்னு எழுதியிருப்பான்.

எங்க துறையில சென்னை, பெங்களூரு, ஐதராபாத்துன்னு எத்தனையோ பேர் இருக்கோம். ஒரு நாட்டோட விதியை வரிவரியாப் படிச்சு, ஒரு தேதி இடிக்குதேன்னு மூக்குல வேர்க்கிற பழக்கம் இருக்கிறவங்க. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம், சொந்த ஊர்ல, நூலகத்துலயோ சர்ச் வாசல்லயோ ஜமாத் ஆபீஸ்லயோ உக்காந்து ஒப்பந்தத்தைப் படிச்சுச் சொன்னா ஏஜெண்ட் பொழப்புல பாதி மண்ணு விழும். சட்ட ஆலோசனை எல்லாம் வேணாம். 'தம்பி, இது விசிட் விசா, இதுல வேலை பாக்க முடியாது', 'இந்தப் பதிவு எண் இந்த ஆளோடது இல்லை', இவ்வளவு போதும். இதை நான் ஒரு லீடர்ஷிப் பயிற்சியில சொன்னேன். பயிற்சியாளர் அழகாச் சிரிச்சுட்டு 'சமூக சேவை வேற, தலைமைப் பண்பு வேற'ன்னார். என் டீம்ல இப்ப நாலு பேர் அவங்கவங்க ஊருக்கு வர்ற வாரம் இதைச் செய்யறாங்க. யாரையும் கட்டாயப்படுத்தலை, டார்கெட்டும் கிடையாது. எத்தனை பேருக்குப் பாத்தீங்கன்னு நான் கேட்டதே இல்லை. கேட்டா நானும் எக்செல் தொறக்க வேண்டியிருக்கும்.

'இவ்வளவு பேசுறியே, அப்ப அந்த வேலையை விட்டுட்டு வர வேண்டியதுதானே'ன்னு ஒரு அனானி வரும், எனக்குத் தெரியும். வர மாட்டேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு ஃபைலைப் பிரிச்சு, அதுல ஒரு குடும்பத்தோட பத்து வருசம் மடிச்சு வெச்சிருக்கிறதைப் படிக்கிறது எனக்குப் பிடிக்கும். வீட்டு லோன் வேற இருக்கு, அதையும் மறைக்கலை.

திட்டணும்னு தோணுறவங்க தாராளமா திட்டிட்டுப் போங்க, பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு. டீம் லீடா இருக்கிற பதிவர்கள் ரெண்டு திட்டு கூடவே திட்டலாம். ஆனா அமெரிக்காவுல இருக்கிற மக்கா, அதுக்கு முன்னாடி அந்த வெப்சைட்டுல போய் உங்க ஐ-94 தேதியையும், அலமாரியில இருக்கிற பாஸ்போர்ட் தேதியையும் ஒரு தடவை பாத்துட்டு வந்து திட்டுங்க. தங்கமணி, பிள்ளைங்களோடதையும் சேர்த்து.